முன்லைற்றும் முன்னால் வருபவரும்: எங்கள் பக்கத்துக் கார் வெளிச்சத்தின் கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. இரவில் வாகனம் ஓட்டுபவர்களும், ரியூசன் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைகளின் பெற்றோரும் கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற மாரியில் எங்கள் மாணவன் ஒருவன் சண்டிலிப்பாயில் பிரதான வீதியால் வரும்போது, மாலை ஏழு மணிபோல, சைக்கிளோடு வீதியோரக் கானுக்குள் விழுந்தான். எந்த வாகனமும் அவனை முட்டவில்லை. எதிரே வந்த வாகனத்தின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தது, வீதிக்கரை தெரியவில்லை, விழுந்துவிட்டான். கை முறிந்து, ஆறு கிழமை கட்டோடு வகுப்பில் இருந்தான். "லைற் வந்தது சேர், பிறகு ஒண்டும் தெரியேல்லை" என்றுதான் சொன்னான்.

அதே கிழமையில் ஆசிரியர் ஓய்வறையில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "என்ர காரின்ர லைற் மெழுகுதிரி மாதிரி எரியுது. மலிவா ஒரு சோடி எல்.ஈ.டி. வாங்கிப் போடலாமோ?" அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. வெளிச்சம் போதாத காரும் ஆபத்துத்தான். ஆனால் அந்த மாணவனைக் கானுக்குள் தள்ளியதும் அப்படி மலிவாகக் கூட்டிய வெளிச்சம்தான். இரண்டுக்கும் இடையில் வழி உண்டா என்று தேடப்போய், எங்கள் குடாநாட்டு வீதி வெளிச்சத்தின் வரலாறு முழுவதையும் கிளறிவிட்டோம். அறிந்ததை எழுதுகிறோம்.

சூளும் காபைட்டும்

மின்சாரம் வருமுன் இரவில் நடந்து போனவர்கள் காய்ந்த தென்னோலையைக் கட்டிச் சூள் கொளுத்திக்கொண்டு போனார்கள். மாட்டு வண்டியின் கீழே அரிக்கன் லாம்பு தொங்கும். அந்த லாம்பு வண்டிக்காரனுக்குப் பாதை காட்டுவதைவிட, எதிரே வருபவனுக்கு "இங்கே ஒரு வண்டி வருகிறது" என்று சொல்வதற்கே கூடுதலாக உதவியது. இதை நினைவில் வைத்திருங்கள். வீதி விளக்குக்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு வேலை: தான் பார்ப்பது, தன்னைக் காட்டுவது.

உலகத்தில் முதன்முதல் வந்த கார்களுக்கும் மின்விளக்கு இல்லை. மண்ணெண்ணெய் விளக்கும், காபைட் விளக்கும்தான். மாம்பழம் பழுக்க வைக்கிறார்கள் என்று நாங்கள் இன்று ஏசுகிறோமே, அதே கல்சியம் காபைட். அதன்மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்போது அசற்றிலீன் வாயு வரும். அதைக் கொளுத்தினால் நல்ல வெள்ளை வெளிச்சம். பின்னால் ஒரு வளைந்த ஆடி வைத்து அதை முன்னே செலுத்தினார்கள். 1912 இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் மின்சாரத்தால் இயந்திரத்தை இயக்கும் ஸ்டாட்டரையும் மின்விளக்கையும் ஒன்றாகத் தன் கார்களில் வைத்தது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும்

எங்கள் ஊர்களில் கார் என்றால் நெடுங்காலம் இரண்டே பெயர்: ஒஸ்ரின், மொறிஸ் மைனர். கலியாண வீட்டுக்கும், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கும், செத்தவீட்டுக்கும் போன வாடகைக் கார்கள் அவைதாம். ஒஸ்ரின் ஏ40 சமசெற் 1952 முதல் 1954 வரைதான் தயாரானது. மொறிஸ் மைனர் 1948 இல் வந்து 1971 வரை தயாரானது. அந்த இரண்டும் அரை நூற்றாண்டு தாண்டியும் எங்கள் வீதிகளில் ஓடின. இன்றும் சில வீட்டு முற்றங்களில் நிற்கின்றன.

மொறிஸ் மைனரில் ஒரு சுவையான செய்தி உண்டு. முதலில் வந்த மைனர்களின் முன்லைற் கீழே, முன்பக்கக் கிறில்லோடு ஒட்டி இருந்தது. விளக்கு அவ்வளவு தாழ இருப்பது அமெரிக்கச் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சந்தைக்காக விளக்கை மட்காட்டின் மேலே தூக்கினார்கள். பிறகு எல்லா மைனரிலும் அப்படியே வந்தது. நாங்கள் கண்ட மைனரின் முகம் ஒரு விளக்குச் சட்டத்தால் உண்டானது.

இந்தப் பிரித்தானியக் கார்களுக்கு மின்சாமான் கொடுத்தது பேர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனம். அதைத் தொடங்கிய ஜோசப் லூக்காஸ், தள்ளுவண்டியில் மண்ணெண்ணெயும் வீட்டுச் சாமானும் விற்று, பின் சைக்கிள் விளக்குச் செய்து முன்னுக்கு வந்தவர். ஆனால் அந்தக் கார்களின் விளக்கு அடிக்கடி மங்கிப்போகும் என்பதால், கார்ப் பிரியர்கள் லூக்காஸுக்கு "இருளின் இளவரசன்" என்று பட்டம் வைத்தார்கள். பகிடி பாதி, உண்மை பாதி.

ஏன் மங்கின? அக்கால பல்ப் 42/36 வாற்று. அதாவது பிரைற்றுக்கு 42, டிம்முக்கு 36. மின்சாரம் கொடுத்த டைனமோவின் வல்லமை 19 முதல் 22 அம்பியர் வரைதான். அதுவும் இயந்திரம் வேகமாகச் சுற்றும்போது மட்டும். சந்தியில் கார் நின்று மெதுவாகச் சுற்றினால் டைனமோவிலிருந்து ஒன்றும் வராது. பற்றரிதான் முழுப்பாரத்தையும் சுமக்கும். அக்சிலேற்றரை மிதித்தால் லைற் பிரகாசிக்கும், விட்டால் மங்கும். பழைய ஹயர்கார்ச் சாரதிகள் இரவில் காலை எடுக்காமல் "ரேஸ்" பண்ணிக்கொண்டே நின்றது அதற்காகத்தான்.

அன்றும் வெளிச்சம் கூட்ட வழி தேடினார்கள். கண்ணாடி, ஆடி, இழை மூன்றையும் ஒன்றாகப் பொதித்து அடைத்த "சீல்ட் பீம்" அமெரிக்காவில் 1940 முதல் கட்டாயமானது. தூசும் உப்புக்காற்றும் உள்ளே போகாததால் ஆடி கறுக்காது. ஏழு அங்குல வட்ட அளவு பல கார்களுக்குப் பொது என்பதால், பழைய லூக்காஸ் விளக்கைக் கழற்றி அந்த இடத்தில் இதைப் பொருத்த முடிந்தது. குறைந்த செலவில் முன்லைற்றைத் திருத்தும் வேலை தாத்தாமார் காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

வெளிச்சமே ஆபத்தான காலம்

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல் தடை. டோர்ச் பற்றரிகூடத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் வைத்துச் செய்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில் றேடியோவில் செய்தி கேட்டார்கள். அந்தத் தலைமுறையில் பலர் இன்று இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த நேரத்தில் புதிய கார்கள் எல்லாம் வீட்டுக்குள் முடங்க, ஓடியவை பழைய ஒஸ்ரினும் மைனரும்தான். அவற்றின் இயந்திரத்தில் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே மண்ணெண்ணெயைச் சகித்தன. சிறு போத்தலில் இருக்கும் பெற்றோலால் ஸ்டாட் செய்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் மணமும் தெருமுழுக்க நிற்கும். பற்றரி செத்தாலும் கவலையில்லை. முன்னால் கம்பி போட்டுச் சுழற்றி ஸ்டாட் பண்ணலாம்.

ஆனால் முன்லைற்? அதைப் போடவே பயந்தார்கள். மேலே ஹெலியோ பொம்மரோ வந்தால், ஓடுகிற வெளிச்சம் இலக்காகிவிடும். நிலவில் ஓட்டினார்கள், மனப்பாடத்தில் ஓட்டினார்கள். கிளாலிக் கடலை இரவில் கடந்த படகுகளும் வெளிச்சமில்லாமலே போயின.

உலகம் இதை முன்பே கண்டிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியா குண்டுவீச்சுக்குப் பயந்து இருட்டடிப்புச் செய்தது. கார் விளக்குக்கு முகமூடி போட்டு, ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் விட்டார்கள். 1941 இல் அங்கே வீதிவிபத்தில் இறந்தவர்கள் 9,169 பேர். இன்றைவிட மிகக் குறைந்த வாகனங்கள் ஓடிய காலத்தில், அந்நாட்டு வரலாற்றிலேயே மிகக் கூடிய தொகை அது. வீதியில் வெளிச்சம் என்பது உயிர்ச் சாமான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறோம். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எங்கள் வீட்டுக்காரர் ஓர் ஒஸ்ரினைச் சாவியோடு முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் பிறந்தும் பிறவாத காலம். உம்மா சொல்லித்தான் தெரியும். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமம் முழுவதும் மழை இருட்டில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. சண்டிலிப்பாய்க்காரர் அந்த ஜூலையிலேயே ஒருமுறை ஓடி அலைந்தவர்கள். அந்த நெரிசலில் ஒரு சைக்கிள் டைனமோ லைற்றைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்ததாக எங்கள் அயலில் ஒரு அம்மா சொல்வார். யார் எதை இழந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க இது இடமில்லை. இருட்டில் ஒரு சிறு வெளிச்சத்தின் பெறுமதி எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதே போதும்.

வெளிச்சம் கூடிப்போன காலம்

2009 க்குப் பிறகு ஏ9 வீதி திறந்து, லீசிங் வந்து, ஜப்பான் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் நிறைந்தன. அவற்றோடு புதிய விளக்குகளும் வந்தன. ஹலஜன் பல்ப் காருக்கு 1962 இல் ஐரோப்பாவில் வந்தது. டிம்மும் பிரைற்றும் ஒரே பல்ப்பில் சேர்ந்த எச்4 வகை 1971 இல் வந்தது. செனன் விளக்கு 1991 இல் பி.எம்.டபிள்யூ. காரில் வந்தது. டிம் லைற்றுக்கே எல்.ஈ.டி. வைத்த முதல் கார் 2007 இல் வந்த லெக்ஸஸ். வெள்ளை எல்.ஈ.டி.க்கு வழிதிறந்த நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்த அகசாக்கி, அமானோ, நக்கமுறா மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றோம். தனியார் கார் இறக்குமதி மீண்டும் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான்; விலையோ எட்டாத உயரம். ஆகவே இருக்கிற பழைய காரையே திருத்தி ஓட்டுகிறோம். மங்கிய லைற்றுக்குக் கடையில் மலிவான எல்.ஈ.டி. சோடி தொங்குகிறது. வாங்கிப் பூட்டுகிறோம். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

எச்4 பல்ப்புக்குள் பாருங்கள். டிம் இழையின் கீழே சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். ஆடியின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைப்பதே அதன் வேலை. மேல்பாதியில் தெறித்த ஒளி மட்டும் கீழ்நோக்கி வீதியில் விழும். எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறாது. இழை குவியத்திலிருந்து ஓரிரு மில்லிமீற்றர் விலகினாலே இந்தக் கணக்குக் குழம்பிவிடும். மலிவான எல்.ஈ.டி. பல்ப்பில் ஒளி வரும் இடமும் வடிவமும் வேறு. ஒளி நாலாபக்கமும் சிதறும். காரின் முன்னால் வெள்ளை வெளேரென்று இருக்கும், ஓட்டுபவருக்குச் சந்தோசம். தூரத்து வீதி முன்பைவிடத் தெளிவாகத் தெரியாது. எதிரே சைக்கிளில் வரும் பிள்ளைக்கோ ஒன்றுமே தெரியாது. எல்.ஈ.டி.க்கென்றே வடிவமைத்த முழு விளக்கு வேறு; பழைய ஆடிக்குள் எல்.ஈ.டி. பல்ப்பைச் செருகுவது வேறு.

கராச்சில் கற்ற பாடம்

எங்கள் பழைய ஜப்பான் காரைக் கொண்டுபோன கராச்சில், நாற்பது வருடமாக ஸ்பனர் பிடிக்கும் ஐயா ஒருவர் இருக்கிறார். ஒஸ்ரின் காலத்து ஆள். நாங்கள் பல்ப் மாற்றுவது பற்றிக் கேட்கச் சிரித்தார். "சேர், தண்ணி வராட்டிப் பைப்பை மாத்துவீங்களோ, குழாய்க்குள்ள அடைப்பிருக்கோ எண்டு பாப்பீங்களோ?" என்று கேட்டு மீற்றரை எடுத்தார்.

இயந்திரம் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ற்று. பல்ப்பின் காலில் 11.9 வோல்ற்று. இடையில் 1.9 வோல்ற்று எங்கே போனது? முப்பது வருடப் பழைய மெல்லிய வயர், தேய்ந்த ஸ்விச், உப்புக்காற்றில் பூத்துப்போன ஏர்த் முனை. இவற்றின் தடையில் சூடாகிப் போனது. இழை பல்ப்பில் வோல்ற்றளவு கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் கனக்கக் குறையும். ஏறத்தாழ வோல்ற்றளவின் 3.4 ஆம் அடுக்குப்படி. கணக்குப் பார்த்தோம்: 11.9 வோல்ற்றில் கிடைப்பது, 13.8 இல் கிடைக்க வேண்டியதில் 60 வீதம். நாற்பது வீத வெளிச்சத்தை வயரே தின்றிருக்கிறது.

அவர் செய்த வேலையை ஒழுங்காகச் சொல்கிறோம்.

1. ஏர்த் முனைகளைக் கழற்றி, அரத்தாள் போட்டு மினுக்கி, இறுக்கிப் பூட்டினார். இதற்குச் செலவே இல்லை.

2. பற்றரியிலிருந்து நேரே தடித்த வயர் இழுத்து, பியூஸும் இரண்டு றிலேயும் போட்டார். பழைய ஸ்விச் இனி றிலேயை மட்டும் இயக்கும்; பல்ப்பின் பாரம் அதில் இல்லை. பியூஸ் இல்லாமல் இந்த வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள், வயர் பற்றி எரியும். பிறகு அளந்தால் பல்ப்பில் 13.4 வோல்ற்று, வெளிச்சம் 60 வீதத்திலிருந்து 90 வீதமாகிவிட்டது. பல்ப் அதேதான்.

3. மஞ்சளித்த பிளாஸ்ரிக் முகத்தை 800, 1000, 2000 இலக்க நீர் அரத்தாளால் வரிசையாகத் தேய்த்துப் பொலிஷ் போட்டார். அதன்மேல் வெயில் காக்கும் பூச்சு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சக் காலத்தில் மீண்டும் மஞ்சளிக்கும். பற்பசை தேய்ப்பது சில கிழமைக்குத்தான். உள்ளே இருக்கும் ஆடியைத் துணியால் துடைக்கக் கூடாது, பூச்சுக் கழன்றுவிடும்.

4. கடைசியாக நல்ல 60/55 வாற்று எச்4 பல்ப். ஹலஜன் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிப் பழுதாகும். 100/90 வாற்று பல்ப் வேண்டாம் என்றார். இரண்டு சேர 200 வாற்று, 12 வோல்ற்றில் ஏறக்குறைய 17 அம்பியர். டைனமோ உள்ள பழைய காருக்கு அது தாங்காது. பிளாஸ்ரிக் ஹோல்டர் உருகும். அதோடு, வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். இரண்டு மடங்கு தூரம் தெரிய நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். 60 ஐ 100 ஆக்கி எவ்வளவு தூரம் கூடும் என்று பிள்ளைகளிடம் கணக்குக் கொடுங்கள்.

பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அவற்றில் பலவற்றுக்குப் பற்றரியின் நேர் முனைதான் உடம்போடு ஏர்த். இழை பல்ப்புக்கு அது பிரச்சினையில்லை. எல்.ஈ.டி. திசை பார்க்கும்.

எல்லாம் சேர்ந்து எங்களுக்கு முடிந்த செலவு, தரமான ஒரு எல்.ஈ.டி. சோடியின் விலையைவிடக் குறைவு.

சுவரில் பத்து சென்ரிமீற்றர்

இனித்தான் முக்கியமான வேலை, அதற்கு ஒரு சதமும் வேண்டாம். மட்டமான நிலத்தில் காரைச் சுவருக்கு 10 மீற்றர் தூரத்தில் நிறுத்துங்கள். நிலத்திலிருந்து விளக்கின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் கோடு போடுங்கள். டிம் லைற்றின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே இருக்க வேண்டும். விளக்கின் பின்னால் உள்ள திருகால் சரிசெய்யலாம். இடப்பக்கம் மட்டும் சற்று மேலே ஏறும்; அது எங்கள் இடக்கரையில் நடப்பவரைக் காட்டுவதற்கு. ஜப்பானும் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அங்கிருந்து வந்த விளக்கு எங்களுக்குப் பொருந்தும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கை மலிவென்று வாங்கிப் பூட்டினால், அந்த ஏற்றம் எதிரே வருபவரின் கண்ணுக்கே போகும்.

வேகத்தையும் கணக்கில் எடுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் கார் ஒரு செக்கனில் 16.7 மீற்றர் ஓடும். கண்டு, யோசித்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரைச் செக்கன் என்றால் 25 மீற்றர் போய்விடும். நிற்க இன்னும் 20 மீற்றர் வேண்டும். 40 இல் போனால் மொத்தம் 26 மீற்றருக்குள் நிற்கலாம். இரவில் வேகத்தைக் குறைப்பதும் வெளிச்சத்தைக் கூட்டுவதற்குச் சமம்தான்.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்: சைக்கிளுக்கு முன்லைற்றும் பின்னால் சிவப்பு ஒளிதெறிப்பானும் பூட்டுங்கள். வண்டியின் கீழே தொங்கிய லாம்பின் வேலையை அது செய்யும். எதிரே வெளிச்சம் அடித்தால் அதைப் பார்க்காமல் இடக்கரையைப் பாருங்கள், தேவையென்றால் இறங்கி நில்லுங்கள்.

சக ஆசிரியர் எல்.ஈ.டி. வாங்கவில்லை. தன் காருக்கும் றிலே போட்டுவிட்டார். கை முறிந்த மாணவன் இப்போது மீண்டும் சைக்கிளில் வருகிறான். சென்ற கிழமை அவனும் நாங்களும் சேர்ந்து எங்கள் வீட்டு மதிலில் கரிக்கட்டியால் அந்தக் கோட்டைப் போட்டோம். அவன்தான் 10 சென்ரிமீற்றரை அளந்தான்.

அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அயலில் உள்ளவர்கள் ஒரு பின்னேரம் சொல்லிவிட்டுக் காரைக் கொண்டுவாருங்கள், கால் மணித்தியால வேலை. பழைய ஒஸ்ரின், மைனர் வைத்திருப்பவர்கள், மண்ணெண்ணெயில் ஓட்டிய அனுபவம் உள்ள மூத்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள்.